கல்லீரல் கொழுப்பை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் ஆய்வு: சிமுலேஷனில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் வட்டாரத்தில் மருத்துவ இயற்பியலோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்துக்கொண்டு, கல்லீரல் கொழுப்பை எம்.ஆர்.ஐ. வழியாக அளப்பதை இறுதியாண்டு ஆய்வாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கியபோது சமன்பாடுகள் ஓரிடத்திலும், ஃபாண்டம் (உடலுக்குப் பதிலாக ஸ்கேன் செய்யும் மாதிரிப் பொருள்) செய்யும் முறை வேறோரிடத்திலும், அனுமதிப் படிவங்கள் இன்னொருவர் கையிலும் கிடந்தன. எதை முதலில் செய்வது, எதை ஆறப்போடலாம் என்று வரிசைப்படுத்திச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த வரிசைதான் இந்தக் கட்டுரை: முதலில் கணினி, அடுத்து கடலை எண்ணெய், கடைசியில் மனிதர். அனுமதிக் காகிதங்கள் மட்டும் முதல் நாளிலிருந்தே கூடவே நடக்க வேண்டும்.

கணினியில் ஏன் தொடங்க வேண்டும் என்பதற்குக் காரணம் எளியது. நோயாளியின் கல்லீரலில் உண்மையாக எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தாலும், அந்தத் துணுக்கு முழுக் கல்லீரலில் ஏறத்தாழ 50,000இல் ஒரு பங்குதான். சிமுலேஷனில் உண்மையான அளவை நாமே கொடுக்கிறோம். ஸ்கேன் முறை அதை எவ்வளவு தவறாகத் திருப்பிச் சொல்கிறது என்பதை அங்கே மட்டும்தான் ஐயமின்றி அளக்க முடியும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

அறிக்கையில் கல்லீரல் கொழுப்பு என்று தரப்படும் எண், பி.டி.எஃப்.எஃப். எனப்படும் புரோட்டான் அடர்த்திக் கொழுப்பு விகிதம். அதாவது, கொழுப்பிலிருந்து சிக்னல் தரும் புரோட்டான்களை, கொழுப்பும் நீரும் சேர்ந்த மொத்தப் புரோட்டான்களால் வகுத்து வரும் சதவீதம். எம்.ஆர். நிறமாலை முறையில் 5.56 சதவீதம் என்பது கொழுப்புக் கல்லீரலுக்கான எல்லையாகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எல்லை இவ்வளவு கீழே இருப்பதால், இரண்டு மூன்று சதவீதப் பிழைகூட ஒருவரை நோயாளி என்ற பக்கத்திலிருந்து நலமாக இருக்கிறார் என்ற பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

"எம்.ஆர்.ஐ. கொழுப்பு அளவீட்டை மேம்படுத்துதல்" என்று தலைப்பு வைத்தால் ஆய்வு முடியவே முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "1.5 டெஸ்லா கருவியில் ஆறு எக்கோ ஸ்கேன், கல்லீரலில் இரும்பும் சேர்ந்திருக்கும்போது, எந்த அளவு இரும்பு வரை கொழுப்பைச் சரியாகச் சொல்லும்?" டெஸ்லா என்பது கருவியின் காந்தப்புல வலிமையைச் சொல்லும் அலகு; எக்கோ என்பது ஒரு தூண்டலுக்குப் பின் குறிப்பிட்ட நேரத்தில் பதிவாகும் சிக்னல். இந்தக் கேள்விக்கு வேலூரில் நேரடியான தேவை இருக்கிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள் பல மாநிலங்களிலிருந்து இங்கே சிகிச்சைக்கு வருகிறார்கள். அவர்கள் கல்லீரலில் இரும்பு படிகிறது; அந்த இரும்பு எம்.ஆர். சிக்னலை வேகமாகத் தேய்த்துக் கொழுப்பின் அடையாளத்தை மறைத்துவிடுகிறது.

2. அனுமதிக் காகிதங்களை முதல் வாரமே தொடங்குங்கள்

வெறும் சிமுலேஷனுக்கும் ஃபாண்டம் ஸ்கேனுக்கும் நெறிமுறைக் குழுவின் முழு ஆய்வு பொதுவாகத் தேவைப்படாது; ஆனாலும், "மனிதர் பங்கேற்பு இல்லை" என்பதைக் குழுவிடமிருந்தே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் கட்டுரை அனுப்பும்போது இதழ்கள் அந்தக் கடிதத்தைக் கேட்கும். ஏற்கெனவே எடுத்த நோயாளிப் படங்களை ஒரே ஒரு முறை திறந்து பார்ப்பதாக இருந்தாலும் அனுமதி கட்டாயம்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் மூன்று வகை ஆய்வைச் சொல்கின்றன: விலக்கு, விரைவு ஆய்வு, முழுக் குழு ஆய்வு. அடையாளம் நீக்கப்பட்ட பழைய படங்களை மட்டும் பயன்படுத்தும் திட்டம் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றில் அடங்கும். எந்த வகை என்பதைக் குழுதான் முடிவு செய்யும், நாமோ நம் வழிகாட்டியோ அல்ல. தன்னார்வலரைப் புதிதாக ஸ்கேன் செய்வதாக இருந்தால், முழுக் குழு ஆய்வுக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: திட்ட வரைவு, எளிய மொழியில் ஒரு பக்கச் சுருக்கம், முதன்மை ஆய்வாளர் மற்றும் துணை ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்புகள், நற்செயல்முறைப் (ஜி.சி.பி.) பயிற்சிச் சான்று, துறைத் தலைவரின் ஒப்புதல், செலவுத் திட்டமும் பணம் வரும் வழியும், நலன் முரண்பாடு இல்லை என்ற உறுதிமொழி, தரவுப் பதிவுப் படிவம். புதிய ஸ்கேன் என்றால் பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வேண்டும். வேலூருக்கு வரும் நோயாளிகளில் தெலுங்கும் வங்காளியும் பேசுபவர்கள் நிறைய இருப்பதால், அவர்களையும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த மொழிப் படிவங்களையும் இப்போதே தயாரியுங்கள். பழைய படங்கள் மட்டும் என்றால், ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கு கேட்டுத் தனிக் கடிதம் எழுத வேண்டும். நோயாளிகளைத் திரும்பத் தேடிப் பிடிப்பது ஏன் இயலாது, அவர்களுக்கு ஏன் தீங்கு இல்லை என்ற இரண்டு காரணங்களும் அதில் தெளிவாக இருக்கட்டும்.

பொறியியல் கல்லூரி மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மருத்துவமனைத் தரவைக் கேட்கும்போது, அந்த மருத்துவமனையின் கதிரியல் மருத்துவர் ஒருவர் ஆய்வாளராகப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். அதோடு இரு நிறுவனங்களுக்கும் இடையே தரவுப் பகிர்வு ஒப்பந்தம் வேண்டும். கல்லூரி முதல்வரின் சான்றிதழ் இதற்கு மாற்றாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் யார் என்பதை இரண்டு பக்கமும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். என்னுடைய கோப்பு ஓர் அலுவலகத்தில் நீண்ட காலம் தூங்கியதற்கு, தவறான மேசைக்கு அது அனுப்பப்பட்டதைத் தவிர வேறு காரணம் இல்லை. தவறைச் சுட்டிக்காட்டி ஒரு வரி எழுதவும் அங்கே எவரும் முன்வரவில்லை. நெறிமுறைக் குழுக்கள் தினமும் கூடுவதில்லை. விண்ணப்பக் கெடுவை ஒரு நாள் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். திருத்தம் கேட்டால் இன்னொரு கூட்டம். ஆகவே அனுமதிக்கு மட்டும் மூன்று நான்கு மாதங்களை ஒதுக்கிவிட்டு, அந்த இடைவெளியில் கீழ்வரும் கணினி வேலையை முடிப்பதே அறிவுடைமை.

3. கணினியும் மென்பொருளும்

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. பைத்தான், அதன் நம்பை, சைபை நூலகங்கள் ஆகியவை இலவசம். 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினி முதல் கட்டத்துக்குப் போதும். கல்லூரியில் மேட்லாப் உரிமம் இருந்தால், ஐ.எஸ்.எம்.ஆர்.எம். என்னும் பன்னாட்டு மருத்துவ எம்.ஆர். அமைப்பு 2012இல் ஒழுங்குசெய்த பட்டறையை ஒட்டி வெளிவந்த கொழுப்பு–நீர் பிரிப்புக் கருவித் தொகுப்பை அதில் இயக்கிப் பார்க்கலாம். உங்கள் சொந்த நிரலை அதனோடு ஒப்பிடுவது நல்ல பயிற்சி. ஆனால் அதை மட்டுமே நம்பி, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் தேர்வாளர் முன் நிற்காதீர்கள்.

4. ஒரே ஒரு வாக்சலில் தொடங்குங்கள்

முழுக் கல்லீரலை வரையும் ஆசையை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, படத்தின் ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நீர், கொழுப்பு என்ற இரண்டு பங்குகள் இருக்கின்றன. உடல் வெப்பத்தில் நீரின் புரோட்டான் 4.7 பிபிஎம் (அதிர்வெண்ணைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்லும் அளவு) இடத்திலும் கொழுப்பின் முதன்மை உச்சி (நிறமாலையில் சிக்னல் உயர்ந்து நிற்கும் இடம்) 1.3 பிபிஎம் இடத்திலும் நிற்கின்றன; இடைவெளி 3.4 பிபிஎம். இது 1.5 டெஸ்லாவில் சுமார் 217 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 434 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண் வேறுபாட்டால், 1.5 டெஸ்லாவில் 2.3 மில்லி விநாடியில் இரண்டும் எதிரெதிராகவும் 4.6 மில்லி விநாடியில் ஒன்றுசேர்ந்தும் நிற்கும். 3 டெஸ்லாவில் இந்த நேரங்கள் பாதியாகிவிடும்.

கொழுப்புக்கு ஒரே உச்சி என்று எடுத்துக்கொள்வதுதான் தொடக்கக்காரர்களின் முதல் பொறி. கல்லீரல் கொழுப்புக்குப் பரவலாகப் பயன்படும் மாதிரியில் ஆறு உச்சிகள் உண்டு: 5.3, 4.2, 2.75, 2.1, 1.3, 0.9 பிபிஎம். அவற்றின் பங்குகள் முறையே 4.7, 3.9, 0.6, 12, 70, 8.8 சதவீதம். முதன்மை உச்சியை மட்டும் கணக்கில் எடுத்தால் கொழுப்பு சிக்னலில் 30 சதவீதம் வேறு இடத்தில் கிடக்கிறது என்று பொருள், அதிலும் 5.3, 4.2 என்ற இரண்டும் நீரின் உச்சியை ஒட்டியே நிற்பதால் நீராகவே எண்ணப்பட்டுவிடும்.

நிரல் எழுதுவதற்கு முன், தாளில் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கு இரும்பைப் பற்றியது. பழைய இரு எக்கோ முறையில், ஒன்றுசேர்ந்த படத்திலிருந்து எதிரெதிர்ப் படத்தைக் கழித்து, ஒன்றுசேர்ந்த படத்தின் இருமடங்கால் வகுப்பார்கள். ஆர்2 ஸ்டார் என்னும் சிக்னல் தேய்வு வேகம் விநாடிக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள், இது 1.5 டெஸ்லாவில் இயல்பான கல்லீரலின் அளவுதான். எளிமைக்காகக் கொழுப்புக்கு ஒரே உச்சி என்று கொண்டால், உண்மையில் 5 சதவீதக் கொழுப்புள்ள கல்லீரல் இந்தக் கணக்கில் 1.8 சதவீதம் என்று வரும். 20 சதவீதக் கொழுப்புள்ள கல்லீரலில் ஆர்2 ஸ்டார் 100 ஆக இருந்தால், விடை 12.2 சதவீதம். தேய்வைத் திருத்தாத எந்த முறையும் ஏன் நம்பத்தகாதது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது கணக்கு ஃபிளிப் கோணத்தைப் பற்றியது, அதாவது ஒவ்வொரு தூண்டலும் புரோட்டான்களின் காந்தத்தை எத்தனை டிகிரி சாய்க்கிறது என்பதை. கொழுப்பின் டி1 (தூண்டலுக்குப் பின் காந்தம் பழைய நிலைக்கு மீளும் நேரம்) நீரின் டி1ஐவிடக் குறைவு. 1.5 டெஸ்லாவில் கல்லீரல் நீருக்கு 586, கொழுப்புக்கு 343 மில்லி விநாடி என்று எடுத்துக்கொண்டு, டி.ஆர். (இரண்டு தூண்டல்களுக்கு இடையிலான நேரம்) 14 மில்லி விநாடி உள்ள கிரேடியன்ட் எக்கோ சமன்பாட்டில் போட்டால், உண்மையான 20 சதவீதம் 20 டிகிரி கோணத்தில் 26.3 சதவீதமாகவும் 5 டிகிரியில் 21 சதவீதமாகவும் வருகிறது. கோணத்தைக் குறைத்தால் பிழை சுருங்குகிறது; ஆனால் சிக்னலும் சுருங்கி இரைச்சல் மேலோங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் சிமுலேஷன். உங்கள் நிரல் இந்த நான்கு விடைகளையும் தராவிட்டால், அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. இரைச்சலைச் சரியான இடத்தில் சேருங்கள்

எம்.ஆர். சிக்னல் ஒரு கலப்பெண். காஸ் பரவலில் உள்ள இரைச்சலை அதன் மெய்ப்பகுதியிலும் கற்பனைப் பகுதியிலும் தனித்தனியே சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகே அளவை (மாக்னிட்யூட்) எடுக்க வேண்டும். அளவை முதலில் எடுத்துவிட்டு அதன்மேல் இரைச்சலைத் தூவினால், இரும்பு மிகுந்த கல்லீரலில் நடக்கும் முக்கியமான பிழை உங்கள் சிமுலேஷனில் வரவே வராது. உண்மையில் பிந்தைய எக்கோக்கள் இரைச்சல் தரையில் படிந்து, பூஜ்யத்துக்கு இறங்காமல் மேலேயே நின்றுவிடுகின்றன. அதனால் தேய்வு வேகம் குறைவாகக் கணக்காகி, கொழுப்பின் அளவும் கெடுகிறது.

இன்னொரு பொறி இதைவிட ஆழமானது; தேர்வாளர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். சிக்னலை உருவாக்கிய அதே சமன்பாட்டை வைத்தே கொழுப்பையும் மீட்டெடுத்தால் விடை எப்போதும் அழகாக வரும். அந்த அழகுக்கு மதிப்பில்லை. உருவாக்கும் பக்கத்தை உண்மைக்கு நெருக்கமாகச் சிக்கலாக்குங்கள்: நீருக்கும் கொழுப்புக்கும் வெவ்வேறு தேய்வு வேகம், உச்சிகளின் பங்குகளில் சிறு மாற்றம், காந்தப்புலத்தில் சற்றுச் சீரின்மை, ஓரிரு டிகிரி வெப்ப வேறுபாடு. மீட்டெடுக்கும் பக்கத்தில் மருத்துவமனைக் கருவி பயன்படுத்தும் எளிய மாதிரியையே வையுங்கள். இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளிதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய பிழை. நீருக்கும் கொழுப்புக்கும் தனித்தனித் தேய்வு வேகத்தை மீட்டெடுப்பது கூடுதல் துல்லியம் தரும் என்று தோன்றும். இரைச்சலோடு ஓட்டிப் பாருங்கள், விடைகள் சிதறுவதும், ஒரே வேகம் என்று கொள்வதே மருத்துவமனைப் படங்களுக்கு நிலையானதாக இருப்பதும் தெரியும்.

எத்தனை முறை ஓட்டுவது? கொழுப்பு 0 முதல் 40 சதவீதம் வரை ஐந்து ஐந்தாக 9 அளவுகள், ஆர்2 ஸ்டார் 25 முதல் 600 வரை 7 அளவுகள், இரைச்சல் 3 அளவுகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் 500 முறை என்றால் மொத்தம் 94,500 மீட்டெடுப்புகள். மடிக்கணினியை இரவில் ஓடவிட்டால் காலையில் முடிவு கையில் இருக்கும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் சராசரிப் பிழையையும் சிதறலையும் தனித்தனியே எழுதுங்கள். இரண்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்தால், முறை தவறா, இரைச்சல் மிகுதியா என்பது தெரியாமல் போய்விடும்.

6. மான்டி கார்லோ: தேவையானால் மட்டும்

மேலே சொன்னதில் ஆர்2 ஸ்டார் நாம் கொடுத்த ஓர் எண். அது எங்கிருந்து வருகிறது என்பதே உங்கள் கேள்வி என்றால், கல்லீரல் செல்களுக்குள் கொழுப்புத் துளிகளையும் இரும்புத் துகள்களையும் கோளங்களாக வைத்து, அவற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைத் தற்செயலாக நடக்கவிட்டு, ஒவ்வொன்றும் உணரும் காந்தப்புலத்தைக் கூட்டிச் சிக்னலைப் பெற வேண்டும். தற்செயல் எண்களைக் கொண்டு இப்படி ஓட்டிப் பார்ப்பதுதான் மான்டி கார்லோ முறை. கொழுப்புத் துளிக்கும் நீருக்கும் காந்த ஏற்புத்திறனில் சுமார் 0.6 பிபிஎம் வேறுபாடு இருப்பதால், இரும்பே இல்லாவிட்டாலும் கொழுப்பு கூடக்கூட ஆர்2 ஸ்டார் கூடுவதை இந்தச் சிமுலேஷன் காட்டும். அதைக் கண்டு இரும்பு என்று தவறாக எழுதிவிடாமலிருக்க இது உதவுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது காலப்படியின் அளவு. கல்லீரலில் நீரின் பரவல் கெழு ஒரு மில்லி விநாடிக்கு 0.76 சதுர மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 0.01 மில்லி விநாடிப் படியில் மூலக்கூறு சராசரியாக 0.2 மைக்ரோமீட்டர் நகரும். துளியின் ஆரத்தைவிட இது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூலக்கூறுகள் துளிகளைத் தாண்டிக் குதிக்கும். படியைப் பாதியாக்கினாலும் விடை மாறவில்லை என்பதைக் காட்டும் ஒரு வரைபடம் ஆய்வேட்டில் கட்டாயம் இருக்கட்டும். முதுநிலைப் படிப்பின் ஓராண்டு ஆய்வுக்கு இந்தப் படி பெரும்பாலும் வேண்டாம் என்பதே என் கருத்து; ஐந்தாவது படியை ஒழுங்காக முடித்தவருக்கு அதுவே போதிய விஷயம்.

7. கடலை எண்ணெய் ஃபாண்டம்

உலகெங்கும் இந்த ஆய்வுகளில் நிலக்கடலை எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அதன் உச்சிகள் மனிதக் கல்லீரல் கொழுப்பின் உச்சிகளோடு நன்றாக ஒத்துப்போகின்றன. மல்லாட்டை விளையும் ஆரணி, போளூர், திருவண்ணாமலைப் பக்கம் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால், இந்தப் பொருளுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. ஆனால் கடையில் "சமையல் எண்ணெய்" என்று விற்கும் கலப்பு எண்ணெய் வேண்டாம். பாமாயில் கலந்தால் உச்சிகளின் பங்கு மாறிவிடும். செக்கில் ஆட்டியது நல்லதுதான், ஆனால் அடியில் மண்டி தங்கியிருக்கும். இரண்டு நாள் தெளியவிட்டு, மேலே உள்ளதை வடிகட்டி எடுங்கள். எல்லாக் குப்பிகளுக்கும் ஒரே தவணையில் வாங்கிய எண்ணெயையே பயன்படுத்துங்கள்.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு அகர் 20 கிராம், சோடியம் டோடிசைல் சல்பேட் 12.4 கிராம், கெடாமலிருக்கச் சோடியம் பென்சோயேட் 0.43 கிராம். அகரை ஆய்வக விற்பனையாளரிடமே வாங்குங்கள். மளிகைக் கடையின் சைனா கிராஸ் ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒவ்வொரு விதமாக உறையும். சல்பேட் தூளை எடை போடும்போது முகக்கவசம் அணியுங்கள், மூக்கில் ஏறினால் எரியும். கலவையைக் கிட்டத்தட்ட 90 டிகிரிக்குச் சூடாக்கி, அகர் கண்ணாடிபோலத் தெளிந்ததும், வேறொரு பாத்திரத்தில் அதே சூட்டுக்குக் கொண்டுவந்த எண்ணெயைக் கம்பியாக ஊற்றிக் காந்தக் கலக்கியில் மெதுவாகச் சுழலவிடுங்கள். 20 சதவீதக் குப்பிக்கு 20 மில்லி எண்ணெயும் 80 மில்லி நீர்க் கலவையும். கலவை பால்போல வெளுத்துவரும். மிக்சியில் அடிக்காதீர்கள், சல்பேட் சோப்புப் பொருள் என்பதால் நுரை பொங்கி, அதன் குமிழிகள் அப்படியே உறைந்து, ஒவ்வொன்றும் படத்தில் கறுப்பு ஓட்டையாகத் தெரியும். மறுநாள் காலையில் குப்பியின் மேற்பகுதியில் மஞ்சள் ஏடு படிந்திருந்தால், எண்ணெய் பிரிந்துவிட்டது. அந்தக் குப்பியைக் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

0, 5, 10, 20, 30, 40 சதவீதம் என ஆறு குப்பிகள் போதும். எண்ணெயின் புரோட்டான் அடர்த்தி நீருக்கு மிக நெருக்கமாக இருப்பதால், கன அளவு விகிதத்தையே உண்மை விகிதமாகக் கொள்ளலாம். இரும்பின் விளைவைக் காட்ட இரும்பு ஆக்சைடு துகள்கள் விலை மிக்கவை; மாங்கனீசு குளோரைடு மலிவான மாற்று. எதையும் சேர்க்காத அகர் நீரின் டி1 கல்லீரலைவிட மிக நீளமானது. ஆகவே நான்காவது படியில் கண்ட ஃபிளிப் கோணப் பிழை ஃபாண்டத்தில் இன்னும் பெரிதாகத் தோன்றும். அதைத் தவிர்க்கச் சிறிதளவு காப்பர் சல்பேட் சேர்ப்பது வழக்கம். எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் எண்ணெயின் பங்கு மிகச் சிறிது, வேதிப்பொருள்களைச் சிறு அளவில் விற்க மறுப்பதுதான் செலவைக் கூட்டுகிறது. கல்லூரி வேதியியல் துறையிடம் முதலில் கேட்டுப் பாருங்கள்.

8. ஸ்கேனர் நேரம்

மொத்தச் செலவில் பெரும் பகுதி இதுதான். மருத்துவமனையோடு ஆய்வு உறவு இருந்தால், வெளிநோயாளிகள் ஓய்ந்த மாலை நேரத்தில் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ ஒரு மணி நேரம் கிடைக்கலாம். தனியார் மையத்தில் ஒரு நோயாளிக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். நேரம் கேட்கும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கருவியில் கொழுப்பு அளவீட்டு மென்பொருள் உரிமம் இருக்கிறதா? ஜி.இ.யில் ஐடியல் ஐக்யூ, சீமென்ஸில் லிவர்லேப், பிலிப்ஸில் எம்டிக்சன் குவான்ட் என்ற பெயர்களில் அவை வருகின்றன. அடுத்து, எக்கோ ஒவ்வொன்றின் அளவுப் (மாக்னிட்யூட்) படங்களும் கட்டப் (ஃபேஸ்) படங்களும் தனித்தனியே சேமிக்கப்படுமா? வழக்கமான அமைப்பில் இறுதிக் கொழுப்பு வரைபடம் மட்டும்தான் சேமிப்பகத்துக்குப் போகும். ஸ்கேன் முடிந்தபின் கேட்டால் கட்டப் படத்தை எவராலும் மீட்டுத் தர முடியாது. இதை ஸ்கேன் தொடங்கும் முன்பே ரேடியோகிராபரிடம் எழுதிக் கொடுங்கள்.

வெப்பம் நம் ஊரில் கவனிக்க வேண்டிய பிழை. நீரின் உச்சி டிகிரிக்கு 0.01 பிபிஎம் இடம் மாறும். ஸ்கேனர் அறை 22 டிகிரியில் இருந்தால், உடல் வெப்பத்துக்கான 3.4 பிபிஎம் இடைவெளி அங்கே சுமார் 3.55 ஆகிவிடும், 1.5 டெஸ்லாவில் இது ஏறத்தாழ 10 ஹெர்ட்ஸ். மே மாத வெயிலில் காட்பாடியிலிருந்து வண்டியில் கொண்டுவந்த குப்பியை நேரே கருவிக்குள் வைத்தால், வெளிப்புறம் குளிர்ந்தும் நடுப்பகுதி சூடாகவும் இருக்கும். அதற்கு எந்த ஒற்றை எண்ணாலும் திருத்தம் செய்ய முடியாது. முந்தைய நாள் மாலையே குப்பிகளை அந்த அறைக்கு அருகில் வைக்க அனுமதி கேளுங்கள். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணை உங்கள் மீட்டெடுப்பு நிரலில் கொடுங்கள்.

குப்பிகளும் மூடிகளும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். உலோக மூடி கருவி அறைக்குள் போகவே கூடாது. குப்பிகளை நீர் நிரம்பிய பிளாஸ்டிக் டப்பாவில் மூழ்கவைத்து, நீளவாக்கில் காந்தப்புலத் திசைக்கு இணையாகப் படுக்கவைத்தால் ஓரங்களில் புலச் சிதைவு குறையும். டப்பா கசியாது என்பதை வீட்டிலேயே ஓர் இரவு சாய்த்து வைத்துப் பாருங்கள். கருவியின் மேசையில் நீர் சிந்தினால் அடுத்த முறை உங்களுக்கு நேரம் தர மாட்டார்கள், அது நியாயமும்தான்.

9. நோயாளிப் படங்கள்

அனுமதி வந்தபின், படங்களை மருத்துவமனைக் கணினியிலேயே அடையாளம் நீக்கி எடுங்கள். பெயர், மருத்துவமனை எண், பிறந்த தேதி ஆகியவற்றோடு, படத்தின்மேல் அச்சாகியிருக்கும் எழுத்துகளையும் பாருங்கள். அதே வேளையில், அடையாளம் நீக்கும் மென்பொருள் தனிப் பட்டிகள் (கருவி நிறுவனம் படக் கோப்பில் சேர்க்கும் தகவல் வரிகள்) எல்லாவற்றையும் துடைத்துவிட்டால், சில கருவிகளில் பட எண்ணை உண்மை அளவாக மாற்றும் பெருக்கல் எண்ணும் போய்விடும். எக்கோக்களின் ஒப்பீடே கெட்டுப்போகும். எந்தப் பட்டிகளை வைத்துக்கொள்வது என்பதை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதினால் குழு ஏற்றுக்கொள்ளும்.

புதிய ஸ்கேன் என்றால், ஒரு மூச்சுப் பிடிப்பு 20 விநாடிக்குள் முடிய வேண்டும். உங்கள் சிமுலேஷன் பரிந்துரைத்த எக்கோ எண்ணிக்கை அந்த நேரத்தில் அடங்குமா என்பதைக் கருவியில் முன்கூட்டியே பாருங்கள். மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நோயாளியின் மொழியில், மேசையில் படுப்பதற்கு முன்பே இரண்டு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். நல்ல சமன்பாட்டால் மூச்சசைவைத் திருத்த முடியாது. அளக்கும் வட்டங்களைப் பெரிய ரத்தக் குழாய்களையும் ஓரங்களையும் தவிர்த்து, வலது இடது மடல்கள் இரண்டிலும் வையுங்கள். கொழுப்பும் நீரும் இடம் மாறிப்போன படங்கள் வரும்: நலமான கல்லீரல் 90 சதவீதக் கொழுப்பு என்று காட்டினால் அது நோயல்ல, கணக்கின் பிறழ்வு. அவற்றைச் சொல்லாமல் நீக்கிவிடாமல், எத்தனை என்று எண்ணி ஆய்வேட்டில் எழுதுங்கள்.

10. முடிக்கும்போது

சிமுலேஷனின் தற்செயல் எண் விதை, நூலகங்களின் பதிப்பு எண், எக்கோ நேரங்கள், கோணம், டி.ஆர்., ஃபாண்டம் செய்த தேதி, எண்ணெய் வாங்கிய தவணை ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் திருத்தம் கேட்கும்போது அதே எண் மறுபடி வர வேண்டும். ஃபாண்டம் குப்பிகளைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறையவிடக் கூடாது. உறைந்தால் எண்ணெய் பிரிந்துவிடும். நோயாளிப் படங்களைச் சொந்தக் கணினியில் வைத்திருக்க அனுமதி எந்தத் தேதி வரை என்பதைப் பார்த்து, அந்தத் தேதிக்குள் அழித்து, நெறிமுறைக் குழுவுக்கு நிறைவு அறிக்கையை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.